மூளை ஆய்வில் சேர ஒரு லேப்டாப் போதும்: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

"மருத்துவம் படிக்கவில்லை, ஆய்வகம் எதிலும் ஆள் தெரியாது, கையில் ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பைதானும்தான் இருக்கிறது, மூளை ஆராய்ச்சியில் நான் ஏதாவது செய்ய முடியுமா?" ஐடி வேலையில் இருப்பவர்கள், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்கள், ஒரு முறை ஒரு பள்ளி ஆசிரியை, இப்படிப் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூளை பற்றி இன்று வருகிற பெரிய முடிவுகளில் பலவும் ஒரே ஆய்வகத்தில் பிறப்பவை அல்ல, பல நாடுகளில் பல ஆய்வகங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு செய்பவை. அந்தத் தரவில் பெரும்பகுதி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அதைச் சரிபார்க்க, ஒழுங்குபடுத்த, படித்துப் பார்க்க ஆள்தான் போதவில்லை.

நானும் மென்பொருள் பக்கத்திலிருந்து வந்தவன்தான். வந்த புதிதில் இங்கே கடினமான வேலை மூளையைப் புரிந்துகொள்வது என்று நினைத்தேன். அதுவும் கடினம்தான், ஆனால் இந்தக் கூட்டுப்பணிகளில் அதிக நேரத்தைத் தின்பது வேறு ஒன்று: ஓர் ஆய்வகத்தில் பதிவான தரவை இன்னொரு ஆய்வகத்தில் இருப்பவர் திறந்து, புரிந்து, நம்பிப் பயன்படுத்தும்படி செய்வது. புதிதாக வருபவருக்கான வாசல் அங்கேதான் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த வாசலை நோக்கித்தான்.

முதல் வாரம்: சுற்றிப் பாருங்கள், எதையும் நிறுவ வேண்டாம்

யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தோராயமான வரைபடம் மனதில் வேண்டும். 2013 ஒரு முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் அமெரிக்காவில் ஒபாமா 'பிரெயின் இனிஷியேட்டிவ்' திட்டத்தை அறிவித்தார், அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹியூமன் பிரெயின் புராஜெக்ட்' தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜப்பான், மார்மோசெட் என்ற சிறு குரங்கின் மூளையை மையமாக வைத்து 'பிரெயின் மைண்ட்ஸ்' தொடங்கியது. பிறகு சீனா, கொரியா, ஆஸ்திரேலியா என்று நீண்டது.

இவற்றில் ஐரோப்பியத் திட்டத்தின் கதையைப் புதிதாக வருபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன், ஏனென்றால் அது தொடங்கிய ஆசையும் நம்மில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவரும் ஆசையும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த ஹென்றி மார்க்ரம், முழு மனித மூளையையும் சூப்பர் கம்ப்யூட்டரில் இயக்கிக் காட்டலாம் என்ற கனவோடு அதை முன்னெடுத்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2014 ஜூலையில் நூற்றுக்கணக்கான நரம்பியல் அறிஞர்கள் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள்: இலக்கு குறுகிவிட்டது, அறிவாற்றலைப் படிக்கிற பிரிவை மையத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள், முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது வெளிப்படையாக இல்லை என்று. நடுவர் குழு அமைந்தது, 2015-ல் அதன் அறிக்கை வந்தது, நிர்வாக முறை மாறியது. அதன் பிறகு திட்டத்தின் மனதும் மாறியது என்றே சொல்லலாம். ஒரே ஒரு பிரம்மாண்ட மூளையைக் கட்டுவதைவிட, எல்லா ஆய்வாளர்களும் வந்து பயன்படுத்தக்கூடிய பொதுக் கட்டமைப்பைக் கட்டுவது முதன்மையானது. ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கத்ரின் அமுன்ட்ஸ் அறிவியல் இயக்குநராக இருந்தார். 2023 செப்டம்பரில் பத்தாண்டு முடிந்தபோது 19 நாடுகள், 150-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், 500-க்கு மேற்பட்ட அறிவியலாளர்கள், மொத்தம் சுமார் 60.7 கோடி யூரோ. அதில் நமக்கு மிச்சமாகக் கிடைத்தது 'ஈபிரெயின்ஸ்' என்ற தளம்: மூளை வரைபடங்கள், தரவு, உருவகப்படுத்தும் மென்பொருள், அவற்றை ஓட்டக் கணினி நேரம், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

முழு மூளையையும் உருவகப்படுத்துவேன் என்று தொடங்காதீர்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். அத்தனை பணமும் ஆட்களும் இருந்த திட்டமே அந்த இலக்கைத் தள்ளிவைத்தது.

சரி, அந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஈபிரெயின்ஸ் தளத்தில் 'சீப்ரா எக்ஸ்புளோரர்' என்று மூளை வரைபடம் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே திறக்கும். அதில் 'பிக்பிரெயின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இறந்துபோன 65 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையை 20 மைக்ரோமீட்டர் தடிமனில் 7,404 சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, படமெடுத்து, யூலிக் குழுவும் கனடாவின் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனமும் சேர்ந்து கணினியில் மறுபடி முப்பரிமாணமாக அடுக்கி 2013-ல் வெளியிட்டது அது. சீவும்போது கிழிந்ததும் சுருங்கியதும் எவ்வளவோ இருக்கும், அதையெல்லாம் சரிசெய்துதான் அடுக்க முடியும். பெரிதாக்கிக்கொண்டே போங்கள், புறணியின், அதாவது மூளையின் வெளி உறையின், அடுக்குகள் தெரியத் தொடங்கும். முதல் முறை நான் அதைப் பார்த்த இரவு தூங்கப் போக இரண்டு மணி ஆகிவிட்டது.

அடுத்து: எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

என் கணக்கில் நான்கு பக்கங்கள் உண்டு. எந்த நியூரான் எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கும் இணைப்பு வரைபடம். விலங்கு ஒரு வேலையைச் செய்யும்போது நியூரான்கள் எப்படித் துடிக்கின்றன, அதாவது மின் துடிப்பு எழுப்புகின்றன, என்ற பதிவு. மனிதர்களின் எம்ஆர்ஐ, தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளை அளக்கும் இஇஜி போன்ற பதிவுகள். கணினியில் உருவகப்படுத்தல், அதோடு மூளையின் பாணியில் இயங்கும் சிப்கள். நான்கையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஆறு மாதம் கழித்தும் நாலு அறிமுக வீடியோதான் பார்த்திருப்பீர்கள். படம் பார்ப்பதில், கோளாறு கண்டுபிடிப்பதில் விருப்பம் இருந்தால் முதலாவது. சிக்னல், புள்ளியியல் பிடிக்கும் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும். கணக்கும் இயற்பியலும் வரும் என்றால் நான்காவது. தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, கற்ற கருவிகள் எல்லாப் பக்கமும் உதவும்.

கருவி என்றால் பைதான், அதில் நம்பை, பாண்டாஸ், படம் வரைய மேட்பிளாட்லிப். ஜூபிட்டர் நோட்புக். கிட், கிட்ஹப். லினக்ஸ் கமாண்ட் லைனில் பயமில்லாமல் இருக்கும் அளவுக்குப் பழக்கம். இவ்வளவுதான். உயிரியல் தெரியாதே என்று கவலைப்பட்டால், நியூரான் என்பது என்ன, சினாப்ஸ் என்பது என்ன, ஒரு துடிப்பு எப்படி உண்டாகிறது என்ற அளவுக்கு ஏதாவது ஒரு பாடப்புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களைப் படித்துவிட்டு வாருங்கள், மீதி தேவைப்படும்போது வரும்.

ஓர் ஈயின் மூளையோடு ஒரு மாலை

எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் எல்லோரையும் நான் முதலில் உட்காரவைப்பது பழ ஈயின் முன்னால்தான். வாழைப்பழத்தை இரண்டு நாள் மூடாமல் வைத்தால் சுற்றிச் சுற்றி வருமே, அந்த ஈ. அதன் மூளை ஒரு கசகசா அளவுகூட இருக்காது. 2024 அக்டோபரில் 'ஃபிளைவயர்' என்ற கூட்டுக்குழு, வளர்ந்த ஒரு பெண் ஈயின் முழு மூளைக்குமான இணைப்பு வரைபடத்தை வெளியிட்டது: 1,39,255 நியூரான்கள், அவற்றுக்கு இடையே 5 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள், அதாவது ஒரு நியூரான் இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புகள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தியும் செபாஸ்டியன் சுங்கும் முன்நின்று நடத்தினாலும், உழைத்தது உலகம் முழுவதும் பரவிக் கிடந்த ஆட்கள்.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் சேரப்போகும் வேலையின் மாதிரி இது. அமெரிக்காவின் ஜெனிலியா ஆய்வு வளாகத்தில் அந்த மூளையை 7,000-க்கு மேற்பட்ட மிக மெல்லிய சீவல்களாக வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, அந்தப் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பிரின்ஸ்டனில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒவ்வொரு சீவலிலும் தெரியும் நியூரான் துண்டுகளை அடுத்த சீவலில் உள்ள துண்டுகளோடு இணைத்தார்கள். இயந்திரம் இரண்டு வகையில் தவறு செய்யும், ஒரே நியூரானைப் பாதியில் அறுத்துவிடும், அல்லது பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் இரண்டை ஒட்டி ஒன்றாக்கிவிடும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது போலவே தான், ஆங்கிலத்திலும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஆய்வாளர்கள், முழுநேரத் திருத்துநர்கள், இவர்களோடு எந்தப் பட்டமும் கேட்கப்படாத ஆர்வலர்களும் உட்கார்ந்து திருத்தினார்கள். ஒரே ஆள் செய்திருந்தால் சுமார் 33 ஆண்டு ஆகியிருக்கும் உழைப்பு என்று அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வேலை. 'கோடெக்ஸ்' என்ற தளம் இந்த வரைபடத்துக்கான நுழைவாயில். உள்ளே போய் ஏதாவது ஒரு நியூரான் வகையைத் தேடுங்கள், இனிப்பை உணரும் நியூரான்களைத் தேடினால் சுவாரஸ்யமாக இருக்கும். ஒன்றைத் திறந்து, அது யாரிடமிருந்து உள்ளீடு வாங்குகிறது, யாருக்கு அனுப்புகிறது என்ற பட்டியலைப் பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலைத் தரவிறக்கி, பைதானில் திறந்து, இரண்டு படி தள்ளி எங்கே போகிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். 'நேவிஸ்' என்ற பைதான் தொகுப்பு நியூரான்களின் வடிவத்தை வரைய உதவும். ஒரு மாலை போதும். முடிவில் உங்களிடம் ஒரு சிறு கேள்வி உருவாகியிருக்கும், ஏன் இந்த ஒன்று மட்டும் இத்தனை பேரிடமிருந்து வாங்குகிறது என்பது மாதிரி. அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இனி நீங்கள் கற்கும் எதையும் அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கற்றால் நிலைக்கும்.

ஈயோடு திருப்தி இல்லை என்பவர்களுக்கு 'மைக்ரான்ஸ்' திட்டத்தின் எலி மூளை இருக்கிறது, 2025 ஏப்ரலில் ஆய்வுக் கட்டுரைகளாக வந்தது. பார்வைப் புறணியில் ஒரே ஒரு கன மில்லிமீட்டர், அதற்குள் சுமார் 2 லட்சம் செல்கள், 52 கோடிக்கு மேற்பட்ட சினாப்ஸ்கள். அப்படி ஒரு கன மில்லிமீட்டரின் துல்லியமான இணைப்பு வரைபடத்தைக் கேட்பது நடக்காத காரியம் என்று 1979-ல் எழுதியவர் பிரான்சிஸ் கிரிக், டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்த அதே கிரிக். தரவும் திறந்திருக்கிறது, ஆனால் பெட்டாபைட் கணக்கில் இருக்கும் படங்களை இறக்க முயலாதீர்கள், இணைப்புப் பட்டியல்களை மட்டும் எடுங்கள்.

தரவின் வடிவம்: இங்கேதான் உட்கார வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்க்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆனால் இது தெரிந்தவரை எந்தக் குழுவும் உடனே சேர்த்துக்கொள்ளும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஓர் ஆய்வகத்திலிருந்து எம்ஆர்ஐ கோப்புகள் வந்தன, பெயரெல்லாம் 'ஸ்கேன் புதியது', 'ஸ்கேன் புதியது 2', 'கடைசி' என்று. எந்தக் கோப்பில் இடப்பக்கம் இடப்பக்கமாகவே இருக்கிறது, எதில் மாறியிருக்கிறது என்ற குறிப்பு இல்லை. கதிரியக்க மருத்துவர்கள் பழக்கப்படி நோயாளியின் இடப்பக்கம் படத்தில் வலப்பக்கம் வரும், ஆய்வு மென்பொருள்கள் சில அப்படியே காட்டும், சில திருப்பிக் காட்டும். மூளையில் இடது வலது மாறினால் மொழி பற்றிய முடிவு முழுவதும் தலைகீழாகிவிடும். மூன்று வாரம் அதைச் சரிபார்ப்பதிலேயே போனது, கடைசியில் சில கோப்புகளை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று.

இந்த வகைச் சிக்கலுக்காகத்தான் 2016-ல் 'பிட்ஸ்' என்ற ஒழுங்கு வந்தது. எந்தக் கோப்புறை எந்தப் பெயரில், அமைப்புப் படம் எங்கே, செயல்பாட்டுப் படம் எங்கே, ஒரு படம் எடுக்க எத்தனை வினாடி ஆனது என்ற விவரம் எந்தக் குறிப்புக் கோப்பில், எல்லாவற்றுக்கும் விதி. 'ஓப்பன்நியூரோ' என்ற பொதுக் களஞ்சியத்தில் உள்ள ஸ்கேன் தொகுப்புகள் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது: ஓப்பன்நியூரோவில் சிறிய தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு பங்கேற்பாளரின் கோப்பை மட்டும் இறக்குங்கள், ஒவ்வொரு கோப்பும் ஏன் அந்தப் பெயரில் இருக்கிறது என்று விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். அப்புறம் 'நைலேர்ன்' என்ற பைதான் தொகுப்பில் திறந்து வரையுங்கள். இஇஜி பக்கம் போகிறவர்களுக்கு 'எம்என்ஈ' தொகுப்பு, அதோடு பயிற்சித் தரவும் வரும். விலங்குகளின் நியூரான் பதிவுகளுக்கு இதே போன்ற ஒழுங்கின் பெயர் 'நியூரோடேட்டா வித்தவுட் பார்டர்ஸ்', அதற்கான களஞ்சியம் 'டாண்டி'.

ஒழுங்கு கோப்புப் பெயரோடு நின்றுவிடுவதில்லை. 'இன்டர்நேஷனல் பிரெயின் லேபரட்டரி' என்று ஒரு கூட்டமைப்பு 2017-ல் தொடங்கியது. ஒரே சோதனையை வெவ்வேறு ஆய்வகங்கள் செய்தால் ஒரே விடை வருமா என்பதிலிருந்து ஆரம்பித்தார்கள். எலியின் முன் ஒரு திரை, அதில் ஒரு கோடுபோட்ட உருவம் இடது பக்கமோ வலது பக்கமோ தோன்றும், எலி தன் முன்னங்காலால் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் லெகோ பொம்மையின் சக்கரம். பெட்டி, திரை, மென்பொருள், பயிற்சி முறை எல்லாம் எல்லா ஆய்வகங்களிலும் ஒன்றே. முதலில் எலியின் நடத்தை ஒத்துப்போகிறதா என்று பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள், அதன் பிறகுதான் மூளைக்குள் போனார்கள். 2025 செப்டம்பரில் வந்த முடிவில் 12 ஆய்வகங்கள், 139 எலிகள், 279 மூளைப் பகுதிகள், 6,21,733 நியூரான்களின் பதிவு. ஒரு சின்ன முடிவை எலி எடுக்கும்போது அதன் தடயம் மூளையில் ஒரு மூலையில் இல்லை, பரவலாக இருக்கிறது என்று காட்டினார்கள். ஓர் ஆய்வகம் தனியாக உட்கார்ந்து எத்தனை வருடம் பதிவுசெய்தாலும் இதைப் பார்த்திருக்க முடியாது என்பது என் எண்ணம். அவர்களுடைய தரவும் திறந்ததுதான், 'ஒன்' என்ற பைதான் தொகுப்பு வழியாக ஓர் எலியின் ஒரு நாள் பதிவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

தரவை வெளியே அனுப்ப முடியாத இடங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2009-ல் தொடங்கிய 'எனிக்மா' குழுவில் 40-க்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அங்கே பல ஆய்வுகளில் ஸ்கேன் அந்தந்த மருத்துவமனையிலேயே தங்கும், எல்லோரும் ஒரே நிரலை ஓட்டி, விடையை மட்டும் அனுப்புவார்கள். சமையல் குறிப்பு பயணம் செய்கிறது, அரிசி அவரவர் வீட்டில். இந்த நிரலை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடவைப்பது பெரிய வேலை, மென்பொருள் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளை வேலை செய்யும்போது எடுத்த ஒரே எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே மாதிரி அலசவில்லை, பல கருதுகோள்களுக்கு விடையும் வேறு வேறாக வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் நியாயமான தேர்வுகள்தான். அதனால் நீங்கள் எதைச் செய்தாலும், எந்த வடிகட்டி, எந்த எல்லை மதிப்பு, ஏன் என்பதை அன்றன்றே எழுதிவையுங்கள். நோட்புக்கை அப்படியே பொதுவில் போடுங்கள். முதல் நாளிலிருந்தே பழகிக்கொண்டால் பிறகு கஷ்டமில்லை.

உருவகப்படுத்தல்: சின்னதாக

பைதானில் 'பிரையன்' என்ற தொகுப்பை நிறுவுங்கள், நிறுவ எளிது. ஒரே ஒரு நியூரான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வரும் மின்னோட்டம் மட்டத்தை உயர்த்தும், ஓட்டை வழியே கசிந்துகொண்டே இருக்கும், கசிவை மீறி மட்டம் ஒரு கோட்டைத் தொட்டால் ஒரு துடிப்பு, உடனே குடம் காலி. நான்கு வரிச் சமன்பாட்டில் முடிந்துவிடும். பிறகு ஆயிரம் நியூரான்கள், அதில் 800 தூண்டுபவை, 200 அடக்குபவை, ஏதோ ஒரு விதமாகக் கலைந்த இணைப்பு. அடக்கும் இணைப்பின் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள், சிதறிச் சிதறித் துடித்தவை ஒரு கட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கத் தொடங்கும், வலிப்பின்போது நடப்பது போல. இதை நீங்களே செய்து பார்க்காமல் வலிப்பு நோய் பற்றி எத்தனை படித்தாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

அதற்கு அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. மேலே சொன்ன ஈ வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு நியூரானையும் இந்த ஓட்டைக் குடமாகவே வைத்து, முழு மூளையையும் பிரையனிலேயே இயக்கிய ஒரு வேலை 2024-ல் வெளிவந்தது, பிலிப் ஷியூவும் கூட்டாளிகளும் செய்தது. இனிப்பு உணரும் நியூரான்களைத் தூண்டினால், உறிஞ்சுகுழலை நீட்டவைக்கும் நியூரான் துடிக்கிறது. எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை, இணைப்பே போதுமாக இருந்தது. நிரல் பொதுவில் இருக்கிறது, லேப்டாப்பிலேயே ஓடும். நீங்கள் நோட்டில் எழுதிவைத்த கேள்வி ஞாபகம் இருக்கிறதா, அதை இங்கே சோதிக்கலாம், அந்த நியூரானை அணைத்துவிட்டு என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

பெரிய வலைகளுக்கு 'நெஸ்ட்', ஒரு நியூரானின் கிளைகளை விவரமாகப் பார்க்க 'நியூரான்' என்ற பெயரிலேயே உள்ள மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி என்றால் பகிர்வது எப்படி? அதற்குத்தான் 'பைநன்'. ஒரே நிரலை எழுதி, மேலே ஒரு வரியை மாற்றினால் நெஸ்ட்டிலும் ஓடும், பிரையனிலும் ஓடும், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பத்து லட்சம் செயலிக் கருக்களோடு இருக்கும் 'ஸ்பின்னேக்கர்' இயந்திரத்திலும், ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் நியூரானை மின்சுற்றாகவே கட்டியிருக்கும் 'பிரெயின்ஸ்கேல்ஸ்' சிப்பிலும் ஓடும். நடைமுறையில் ஒரு வரியோடு முடிவதில்லை, கொஞ்சம் தட்டிக்கொட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதியதை ஈபிரெயின்ஸ் வழியாக அந்த இயந்திரங்களுக்கு அனுப்ப வழி இருக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அவசரப்பட வேண்டாம், லேப்டாப்பில் மூன்று மாதம் ஓட்டிய பிறகு கேட்டால் போதும்.

மனிதரின் மூளை என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஸ்கேன் கோப்பில் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், எம்ஆர்ஐ படத்திலிருந்து முகத்தையே மீட்டுருவாக்கிவிடலாம். அதனால்தான் பகிரும் முன் முகப் பகுதியை அழிக்கிறார்கள். நீங்கள் ஏதாவது ஒரு மருத்துவமனையில் தெரிந்தவர் மூலம் கோப்புகள் வாங்கி இணையத்தில் போடுவது கூடவே கூடாது. ஈபிரெயின்ஸில் சில மனிதத் தரவுகளுக்கு ஒப்பந்தம் கேட்பார்கள், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்த இடத்தில் சென்னையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐஐடி மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவிலேயே இறந்துபோன குழந்தைகளின் மூளை, கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்தது, 5,132 சீவல்களின் உயர்துல்லியப் படங்கள், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதைத் திறக்கும்போது, அந்தப் பெற்றோர்கள் அப்படியொரு நாளில் சம்மதம் தெரிவித்ததால்தான் இது நம் திரையில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்வேன்.

ஆட்களோடு சேருவது

தனியாக மூன்று நான்கு மாதம் செய்தபின் குழுவுக்குள் போங்கள். வழிகள் மூன்று எனக்குத் தெரியும்.

'நியூரோமேட்ச் அகாடமி': 2020-ல் கோவிட் காரணமாகக் கோடைக்காலப் பள்ளிகள் எல்லாம் ரத்தானபோது ஆய்வாளர்கள் சேர்ந்து தொடங்கிய இணையப் பயிற்சி. மூன்று வாரம், முழுநேரம், சிறு சிறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஆசிரியர். கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். பாடங்கள் எல்லாம் பொதுவில் இருப்பதால் சேராமலும் படிக்கலாம், ஆனால் சேர்ந்து படிப்பதன் பலன் குழுவில்தான்.

இரண்டாவது, கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம். மூளை ஆய்வுத் தரவையும் மென்பொருளையும் ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐஎன்சிஎஃப், 2005-ல் தொடங்கி ஸ்டாக்ஹோமில் மையம் கொண்டது, பல ஆண்டுகளாக மூளை ஆய்வு மென்பொருள்களுக்காக இதில் பங்கெடுத்துவருகிறது. அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த மென்பொருளில் ஒரு சிறு திருத்தமாவது செய்திருக்க வேண்டும், விண்ணப்பத்தைவிட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மூன்றாவது, நேராகக் கிட்ஹப். நீங்கள் இதுவரை பயன்படுத்திய நைலேர்ன், எம்என்ஈ, பிரையன், நேவிஸ் எல்லாமே திறமூல மென்பொருள்கள். பயன்படுத்தும்போது எங்கே முட்டிக்கொண்டீர்களோ அதுவே உங்கள் முதல் பங்களிப்பு. ஒரு விளக்கம் குழப்பமாக இருந்ததா, ஓர் எடுத்துக்காட்டு ஓடவில்லையா, அதைத் திருத்தி அனுப்புங்கள். "நான் பங்களிக்க விரும்புகிறேன், என்ன செய்யட்டும்?" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்குப் பதில் சொல்லவே அவர்களுக்கு அரை மணி நேரம் வேண்டும். இப்படி எழுதுங்கள்: இந்தப் பதிப்பு, இந்தக் கணினி, இதைச் செய்தேன், இது வரும் என்று நினைத்தேன், இது வந்தது, இங்கே இந்த வரியை மாற்றினால் சரியாகிறது, அனுப்பட்டுமா? ஆங்கிலம் சரளமாக இல்லையே என்று தயங்க வேண்டாம், எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கும் அது தாய்மொழி அல்ல. சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினால் போதும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒரு நினைவூட்டல், பெரும்பாலும் அவர்கள் மறுக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

பல குழுக்கள் மாதம் ஒரு முறையோ இரு முறையோ திறந்த கூட்டம் நடத்துகின்றன. ஐரோப்பாவின் மதியம் மூன்று மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30, அலுவலகம் முடிந்து வந்து உட்காரத் தோதான நேரம்தான். அக்டோபர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றமாட்டோம், காலண்டரில் அவர்களுடைய நேரத்திலேயே போட்டுவையுங்கள். முதல் இரண்டு கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள், யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது புரியும். மூன்றாவது கூட்டத்தில் நோட்டில் இருக்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.